வைஃபை மேலாண்மை சர்வரில் ஐபி முகவரியும் நேரமும்: கேள்வி பதில்

உபுண்டு லினக்ஸ் சர்வரில் யூனிஃபை மேலாண்மை மென்பொருளை நிறுவி வைஃபையைக் கவனித்துவரும் நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி (விடுதிப் பொறுப்பாளர்): இரவு 11 மணிக்கு வைஃபை நிற்கும்படி அட்டவணை அமைத்தேன். ஆனால் விடியற்காலை 4.30க்குத்தான் நிற்கிறது. சர்வரின் கடிகாரம் கெட்டுவிட்டதா ஐயா?

பதில்: கெடவில்லை. பிசகு சரியாக ஐந்தரை மணி நேரம் என்பதைக் கவனியுங்கள். இந்திய நேரமும் இலங்கை நேரமும் உலகப் பொது நேரத்தைவிட 5.30 மணி முன்னால் இருப்பதால், இந்த அளவுக்குப் பிசகு தெரிந்தால் நேர மண்டலத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். லினக்ஸ் உள்ளுக்குள் பொது நேரத்திலேயே எண்ணுகிறது. மண்டலம் என்பது அதை நமக்குக் காட்டும் விதம் மட்டுமே. ஆகவே மணியைக் கையால் மாற்றிவிடாதீர்கள். சர்வரில் ‘ஏசியா/கொல்கத்தா’ மண்டலத்தைத் தேர்ந்தெடுத்தபின், யூனிஃபையில் அந்த சைட்டின் (உங்கள் இடத்துக்கான பிரிவின்) அமைப்புகளிலும் தனியாக ஒருமுறை தேர்ந்தெடுங்கள். பிசகு 7 நிமிடம், 40 நிமிடம் என்று இருந்தால்தான் கடிகாரத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி (ஆய்வக உதவியாளர்): என்டிபி (நெட்வொர்க் வழியாகக் கடிகாரத்தைச் சரிசெய்யும் முறை) சர்வரின் முகவரியைக் கொடுத்துவிட்டேன். அது உண்மையில் வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது?

பதில்: குரோனி என்ற நேர ஒத்திசைவு மென்பொருளை நிறுவியிருந்தால் அதன் மூலங்களின் (நேரம் தரும் சர்வர்களின்) பட்டியலைத் திறந்து பாருங்கள். எந்த வரியின் முன்னால் நட்சத்திரக் குறி இருக்கிறதோ, அந்த மூலத்தைத்தான் சர்வர் பின்பற்றுகிறது. அதே வரியில் ‘ரீச்’ என்ற பத்தியில் 377 என்றிருந்தால், கடைசி எட்டு முறை கேட்டதற்கும் பதில் வந்திருக்கிறது என்று பொருள். அது எட்டை அடிமானமாகக் கொண்ட எண். 0 என்றே நின்றால் பெரும்பாலும் ஃபயர்வாலில் என்டிபி பயன்படுத்தும் யுடிபி 123 போர்ட் அடைபட்டிருக்கும். இரண்டு மூலங்கள் மட்டும் கொடுப்பதை நான் ஏற்பதில்லை, ஏனெனில் அவை முரண்படும்போது எது சரி என்று தீர்மானிக்க வழியில்லை, நான்கு கொடுங்கள்.

கேள்வி: எந்த நேர சர்வரை வேண்டுமானாலும் கொடுக்கலாமா?

பதில்: இந்தியாவில் உள்ள நிறுவனம் என்றால், இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவைப் பாருங்கள். என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு, அல்லது அவற்றைத் தடம்பற்றி வரும் சர்வரோடு கடிகாரத்தை இணைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதிலேயே உள்ளது. நேரம் தவறிய பதிவை எத்தனை நாள் வைத்திருந்தும் பயனில்லை.

கேள்வி: சர்வர் விர்ச்சுவல் மெஷினில் (ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கிய கணினியில்) ஓடுகிறது. நேரம் அவ்வப்போது தாவுகிறது.

பதில்: ஹோஸ்ட் (அதைத் தாங்கும் கணினி) ஒருபுறமும் என்டிபி மறுபுறமும் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டிருக்கலாம். ஹோஸ்ட் விர்ச்சுவல் மெஷினுக்குத் தரும் நேர ஒத்திசைவை நிறுத்திவிடுங்கள்.

கேள்வி (கல்லூரி நெட்வொர்க் பொறுப்பாளர்): சர்வரின் ஐபி முகவரியை மாற்ற வேண்டும். 60 ஏபிகள் (வைஃபை தரும் அக்சஸ் பாயிண்டுகள்) இணைந்திருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முகவரியில் இப்போது கை வைக்காதீர்கள். ஏபி ஒவ்வொன்றும் சர்வரின் 8080 போர்ட்டுக்குத் தகவல் அனுப்பும் முகவரியை நினைவில் வைத்திருக்கிறது. அது எண்ணாக இருந்தால் சர்வர் இடம் மாறியதும் ஏபிகள் பழைய எண்ணையே தட்டிக்கொண்டிருக்கும். வைஃபை தொடர்ந்து கிடைக்கும், ஆனால் நிர்வாகம் கைவிட்டுப் போகும். முதலில் டிஎன்எஸ்ஸில் (பெயருக்கு உரிய ஐபி முகவரியைச் சொல்லும் அமைப்பில்) சர்வருக்கு ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயரை யூனிஃபையின் ‘இன்ஃபார்ம் ஹோஸ்ட்’ இடத்தில் எழுதுங்கள். எல்லா ஏபிகளும் அதைப் பெற்றுக்கொண்டபின், டிஎன்எஸ் பதிவின் டிடிஎல்லை (அந்தப் பதில் நினைவில் வைக்கப்படும் காலத்தை) குறைத்துவிட்டு முகவரியை மாற்றுங்கள். மாற்றும்போது ‘நெட்பிளான் ட்ரை’ என்ற கட்டளையைப் பயன்படுத்தினால், 120 வினாடிக்குள் நீங்கள் உறுதிசெய்யாதபோது பழைய அமைப்பு தானாகத் திரும்பிவிடும். தொலைவிலிருந்து வேலை செய்பவருக்கு இது பெரிய பாதுகாப்பு. ஒரு வளாகத்தில் இந்தப் பெயர் வைக்கும் வேலையை விட்டுவிட்டதால், நான் இரண்டு நாள் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு ஏபியாக ரீசெட் செய்ய நேர்ந்தது. பழைய முகவரி அதே சப்நெட்டில் (நெட்வொர்க்கின் உட்பகுதியில்) இருந்தால், கடைசி ஏபி புதிய முகவரிக்கு வரும்வரை அதையும் இரண்டாவது முகவரியாக சர்வரில் வைத்திருங்கள்.