அமெரிக்க வசந்தகாலப் பாராட்டு நாட்கள்: கேள்வி பதில்

மார்ச் 30 மருத்துவர் தினத்தில் தொடங்கி மே கடைசி வரை அமெரிக்காவில் யாரையாவது பாராட்டும் நாள் ஒன்று வந்துகொண்டே இருக்கும். அவற்றின் பூர்வீகம், தேதி, பரிசு, பூ பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருமுறைதான் விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி (டல்லாஸ், அலுவலக மேலாளர்): நிர்வாக உதவியாளர் தினம் ஏப்ரல் கடைசிப் புதன்தானே? 2026-க்கு ஏப்ரல் 29 என்று குறித்து, மதிய உணவுக்கும் சொல்லிவிட்டேன்.

பதில்: உணவகத்தைக் கூப்பிட்டு ஏப்ரல் 22-க்கு மாற்றுங்கள். விதி "கடைசிப் புதன்" அல்ல, "ஏப்ரலின் கடைசி முழு வாரத்துப் புதன்". முழு வாரம் என்றால் ஞாயிறு முதல் சனி வரை ஏழு நாளும் ஏப்ரலுக்குள் இருக்க வேண்டும். சுலப வழி: ஏப்ரலின் கடைசிச் சனிக்கிழமையைக் கண்டுபிடித்து, அதற்கு முந்தைய புதனை எடுங்கள். 2026-இல் கடைசிச் சனி 25, ஆகவே புதன் 22. ஏப்ரல் 30 புதன், வியாழன், வெள்ளி ஆகிய கிழமைகளில் விழும் ஆண்டுகளில்தான் இந்தத் தப்பு நடக்கும். 2025, 2026, 2027 மூன்றுமே அப்படிப்பட்டவை.

இதன் தொடக்கம் 1952. யங் அண்ட் ரூபிகம் விளம்பர நிறுவனத்தில் இருந்த ஹாரி கிளெம்ஃபஸ், தேசியச் செயலாளர்கள் சங்கத்தோடு சேர்ந்து யோசனையை முன்வைத்தார். அன்றைய வணிகத்துறை அமைச்சர் சார்ல்ஸ் சாயர் ஜூன் முதல் வாரத்தைச் செயலாளர் வாரமாகவும், ஜூன் 4 புதனைச் செயலாளர் தினமாகவும் அறிவித்தார். 1955-இல் அது ஏப்ரலுக்கு வந்தது. "நிர்வாக உதவியாளர்" என்ற பொருளுள்ள இன்றைய பெயர் 2000-இல் வைத்தது. வாழ்த்து அட்டையில் "செக்ரட்டரி" என்று எழுதாதீர்கள். அந்தத் துறையில் இருப்பவர்கள் வேண்டாம் என்று விட்ட பெயர் அது.

கேள்வி (சான் ஹோசே): அன்னையர் தினமே ஹால்மார்க் கம்பெனி அட்டை விற்கக் கண்டுபிடித்ததுதான் என்கிறார்களே?

பதில்: ஆண்டைப் பார்த்தாலே இது நிற்காது. ஹால்மார்க் தொடங்கியது 1910. முதல் அன்னையர் தின வழிபாடு 1908 மே 10. கம்பெனி பிறப்பதற்கு இரண்டு ஆண்டு முன்னமே நாள் வந்துவிட்டது.

உண்மைக் கதை மேற்கு வர்ஜீனியாவில் இருக்கிறது. ஆன் ரீவ்ஸ் ஜார்விஸ் என்ற அம்மா 1858-இல் தாய்மார் பணிக் குழுக்களைத் தொடங்கினார். பாலைச் சோதிப்பது, ஏழை வீடுகளுக்கு மருந்து வாங்கித் தருவது, டைஃபாய்டு வந்த வீட்டுக்கு ஆள் அனுப்புவது, இதுதான் வேலை. அவர் பெற்ற பிள்ளைகளில் நால்வர்தான் வளர்ந்து ஆளானார்கள். ஏன் சுகாதாரத்தில் இறங்கினார் என்று வேறு விளக்கம் வேண்டியதில்லை. உள்நாட்டுப் போர் வந்தபோது இரு தரப்புச் சிப்பாய்களையும் அந்தக் குழுக்கள் கவனித்தன.

அவர் 1905 மே 9 அன்று இறந்தார். மகள் அன்னா ஜார்விஸ், அம்மாவின் நினைவாகப் பலருக்கும் கடிதம் எழுதி எழுதியே இந்த நாளைக் கொண்டுவந்தார். 1908-இல் கிராஃப்டன் ஊரின் ஆண்ட்ரூஸ் மெதடிஸ்ட் தேவாலயத்தில் வழிபாடு. அதற்கு 500 வெள்ளைக் கார்னேஷன் பூக்களை அனுப்பினார். அது அம்மாவுக்குப் பிடித்த பூ. 1914 மே 9-இல் அதிபர் உட்ரோ வில்சன் பிரகடனத்தோடு மே இரண்டாம் ஞாயிறு தேசிய அளவில் நிலைத்தது.

கேள்வி (அதே சான் ஹோசே நண்பர்): ஆனால் 1908-இல் இன்னொரு கூட்டம் பிலடெல்ஃபியாவில் வனமேக்கர் கடையின் அரங்கத்தில் நடந்ததே! கடைக்காரர் அரங்கம் கொடுத்தால் அது வியாபாரம் இல்லையா?

பதில்: நல்ல கேள்வி. அதை மறைக்க மாட்டேன். ஜான் வனமேக்கர் பெரிய கடை முதலாளி, அரங்கமும் ஆதரவும் கொடுத்தார். அன்னா அன்று கிராஃப்டனுக்குப் போகவில்லை, பிலடெல்ஃபியாவில்தான் இருந்தார். பூக்கடைக்காரர்களும் தொடக்கத்தில் கூடவே நின்றார்கள். வியாபாரம் முதல் நாளிலிருந்தே வாசலில் நின்றது என்பது சரி. வியாபாரிகள் கண்டுபிடித்தார்கள் என்பது தவறு. இடம் கொடுத்தவர் வேறு, பெற்றெடுத்தவர் வேறு.

கேள்வி (சிகாகோ): இருவருக்கும் நடுவில் நான் ஒன்று சொல்கிறேன். முதலில் சொன்னது எழுத்தாளர் ஜூலியா வார்ட் ஹோ. 1870-இலேயே அறிக்கை விட்டார். ஜார்விஸுக்கு ஏன் பெருமை?

பதில்: ஹோ 1870-இல் எழுதியது போருக்கு எதிராகப் பெண்கள் ஒன்றுகூட வேண்டும் என்ற அழைப்பு. பிறகு அவர் நடத்த விரும்பியது தாய்மார்களின் அமைதி நாள், அதுவும் ஜூன் 2-இல். உயர்ந்த எண்ணம்தான். ஆனால் நோக்கம் வேறு, தேதி வேறு, அது நிலைக்கவுமில்லை. இன்று நாம் கொண்டாடும் மே இரண்டாம் ஞாயிறு, அம்மாவுக்கு ஒரு பூ, வீட்டுக்குக் கடிதம் என்ற வடிவம் முழுக்க அன்னாவுடையது. "யார் முதலில் சொன்னது" என்பது ஒரு கேள்வி, "இந்த நாள் யாரிடமிருந்து வந்தது" என்பது இன்னொன்று. இரண்டையும் குழப்பினால் சண்டை முடியவே முடியாது.

கேள்வி (சான் ஹோசே, மூன்றாம் முறை): அப்படியானால் அன்னா பிற்பாடு ஏன் தானே இந்த நாளை எதிர்த்தார்? அவரே ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம்?

பதில்: அவர் நாளை எதிர்க்கவில்லை, அதைக் கைப்பற்றியவர்களை எதிர்த்தார். அச்சடித்த அட்டை அனுப்புவது, சொந்தமாகக் கடிதம் எழுதச் சோம்பல்படுகிறவர் செய்கிற வேலை என்பது அவர் கட்சி. 1925-இல் பிலடெல்ஃபியாவில் போர்வீரர்களின் தாய்மார் சங்கம் நிதிக்காகக் கார்னேஷன் விற்றது. அங்கே போய்த் தகராறு செய்ததாக அவரைக் கைது செய்தார்கள். இருந்த பணத்தையெல்லாம் இந்தப் போராட்டத்திலேயே கரைத்தார். 1948 நவம்பரில் பென்சில்வேனியாவின் வெஸ்ட் செஸ்டர் காப்பகத்தில் இறந்தார். அவருக்குத் திருமணமும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. இந்த விவாதத்தை இதோடு நிறுத்துவோம். மற்றவர்கள் வெகுநேரமாகக் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (அட்லாண்டா, தமிழ்ப் பள்ளி ஆசிரியை): ஆங்கிலத்தில் "மதர்ஸ் டே" என்று எழுதும்போது எழுத்துக்கு மேல் போடும் அந்தக் காற்புள்ளி எங்கே வர வேண்டும்? பிள்ளைகள் ஆளுக்கொரு இடத்தில் போடுகிறார்கள்.

பதில்: "எஸ்" எழுத்துக்கு முன்னால். அன்னா பிடிவாதமாக ஒருமையில் வைத்தார். உலகத்துத் தாய்மார் எல்லோருக்குமான நாள் அல்ல, ஒவ்வொரு வீடும் தன் ஒரே அம்மாவை நினைக்கும் நாள் என்பது அவர் எண்ணம். வில்சனின் பிரகடனத்திலும் ஒருமைதான். பிள்ளைகளிடம் இதையும் சொல்லுங்கள்: தமிழில் "அன்னையர்" என்று பன்மையில் வழங்குகிறோம். அன்னா கேட்டிருந்தால் "அன்னை தினம்" என்று திருத்தியிருப்பார்.

கேள்வி (நியூஜெர்சி, பெற்றோர் குழு): ஆசிரியர் பாராட்டு வாரத்துக்கு அறிக்கை எழுதுகிறேன். "1953-இல் எலினார் ரூஸ்வெல்ட் 81-ஆவது காங்கிரஸிடம் பேசி ஆசிரியர் தினத்தை அறிவிக்கச் செய்தார்" என்று போடலாமா?

பதில்: போடாதீர்கள். இந்த வாக்கியத்தை ஒவ்வொரு ஆண்டும் நூறு அறிக்கைகளில் பார்க்கிறேன். காங்கிரஸ் என்பது அமெரிக்க நாடாளுமன்றம். அதில் 81-ஆவது 1949 ஜனவரியில் கூடி 1951 ஜனவரியில் முடிந்தது. 1953-இல் இருந்தது 83-ஆவது. வாக்கியம் தன்னைத்தானே மறுக்கிறது. உறுதியாக எழுதக்கூடியது இதுதான்: ஆர்கன்சா ஆசிரியை மேட்டி வைட் வுட்ரிஜ் 1940-களில் தலைவர்களுக்குக் கடிதம் எழுதி இந்தக் கோரிக்கையை எழுப்பினார். தேசியக் கல்விச் சங்கம் அழுத்தம் கொடுத்ததால், 1980 மார்ச் 7-ஐ அந்த ஒரு ஆண்டுக்கு மட்டும் ஆசிரியர் தினமாகக் காங்கிரஸ் அறிவித்தது. 1984-இல் தேசியப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் மே மாதத்தில் வாரத்தை நிறுவியது. ஆசிரியர் தினமும் பிறகு அந்த வாரத்துச் செவ்வாய்க்கு வந்துவிட்டது.

தேதிக்கு: மே முதல் ஞாயிற்றிலிருந்து தொடங்கும் வாரம். 2026-இல் அந்த ஞாயிறு மே 3, செவ்வாய் 5. மே 1 திங்களாக வந்தால் அந்த வாரம் கணக்கில் சேராது, அடுத்த வாரம்தான்.

கேள்வி (பாஸ்டன்): வகுப்பு முழுக்கப் பணம் திரட்டி ஆசிரியைக்கு 300 டாலர் பரிசு அட்டை. பிரச்சினை வருமா?

பதில்: வரும். மாசசூசெட்ஸில் பொதுப்பள்ளி ஆசிரியர் அரசு ஊழியர் என்பதால் பரிசு விதி உண்டு. தனி ஒருவர் தருவது 50 டாலருக்குக் கீழே இருக்க வேண்டும். வகுப்பாகச் சேர்ந்து தந்தால் கல்வியாண்டுக்கு 150 டாலர் வரை. வகுப்பின் பெயரில்தான் தர வேண்டும், யார் எவ்வளவு போட்டார் என்ற பட்டியலை ஆசிரியையிடம் காட்டக்கூடாது. மாநிலத்துக்கு மாநிலம், பள்ளிக்குப் பள்ளி விதி மாறும், ஆகவே திரட்டத் தொடங்கும் முன்பே பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள். பணம் திரட்டிய பிறகு கேட்டால் திருப்பிக் கொடுக்கும் சங்கடம் உங்களுக்குத்தான்.

கேள்வி (ஹூஸ்டன்): இந்த ஆண்டு அன்னையர் தினம் என்றைக்கு?

பதில்: மே இரண்டாம் ஞாயிறு. 2026-இல் மே 10.

கேள்வி (டெட்ராய்ட்): அன்னையர் தினத் தேதி எப்படிக் கணக்கிடுவது?

பதில்: மேலே பாருங்கள். மே 8-க்கு முன்னாலும் 14-க்குப் பின்னாலும் வராது. இங்கிலாந்துக் காலண்டரைப் பார்த்துக் குழம்பாதீர்கள். அங்கே தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு, வேறு மரபு.

கேள்வி (பீனிக்ஸ்): கார்னேஷன் வாங்கினால் இரண்டே நாளில் மூடிக்கொள்கிறது. வெள்ளையா சிவப்பா என்பதிலும் குழப்பம்.

பதில்: நிறம் முதலில். அன்னா வைத்தது வெள்ளை மட்டுமே. அம்மா உயிரோடு இருந்தால் சிவப்பு, இறந்திருந்தால் வெள்ளை என்ற பிரிவு பூக்கடைகள் பரப்பியது. ஆனாலும் பழைய தேவாலயங்களில் அது இன்றும் புழங்குகிறது. அங்கே போவதாக இருந்தால் அம்மா இருக்கிறவர் வெள்ளையைக் குத்திக்கொள்ள வேண்டாம், பார்ப்பவர்கள் துக்கம் விசாரிப்பார்கள்.

பூ மூடிக்கொள்வதற்குக் காரணம் எத்திலீன் வாயு. வாழைப்பழம், ஆப்பிள் வைத்த கூடைக்குப் பக்கத்தில் ஜாடியை வைத்திருப்பீர்கள். கார்னேஷன் இந்த வாயுவை மிகச் சீக்கிரம் உணரும், இதழ்கள் உள்பக்கம் சுருண்டு தூங்கிவிடும். தூங்கினால் திரும்ப விரியாது. பழத்தை வேறு அறைக்கு மாற்றுங்கள். தண்டை 2 செ.மீ. சாய்வாக வெட்டுங்கள், கணுவில் வெட்டாமல் இரண்டு கணுவுக்கு நடுவில். நீருக்குள் இலை இருக்கக்கூடாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். இரண்டு வாரம் தாங்கும்.

கேள்வி (ஒஹாயோ, செவிலியர்): எங்கள் வாரம் மட்டும் ஏன் கிழமைக் கணக்கில்லாமல் மே 6 முதல் 12 வரை?

பதில்: முடியும் நாளான மே 12 ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலின் பிறந்தநாள், 1820. பிறந்தநாளைக் கிழமைக்கு நகர்த்த முடியாதே. 1982-இல் அதிபர் ரீகன் மே 6-ஐச் செவிலியர் நாளாக அறிவித்தார். அமெரிக்கச் செவிலியர் சங்கம் பிறகு அதை வாரமாக்கி, 1993-இல் நிரந்தரத் தேதியாக வைத்தது.

கேள்வி (டாம்பா): இந்தியாவில் மருத்துவர் தினம் ஜூலை 1, இங்கே மார்ச் 30. ஏன்?

பதில்: அங்கே பி.சி. ராய் பிறந்ததும் இறந்ததும் ஜூலை 1. இங்கே காரணம் ஒரு அறுவை சிகிச்சை. 1842 மார்ச் 30 அன்று ஜார்ஜியாவின் ஜெஃபர்சன் ஊரில் டாக்டர் கிராஃபர்ட் லாங், ஜேம்ஸ் வெனபிள் என்பவரை ஈதரை முகரச் செய்து, கழுத்திலிருந்த கட்டியை வலியில்லாமல் எடுத்தார். ஆனால் அதை 1849 வரை வெளியிடவில்லை. அதற்குள் 1846-இல் பாஸ்டனில் பல் மருத்துவர் மார்ட்டன் பொதுவில் செய்து காட்டிப் பெயர் வாங்கிவிட்டார். 1933-இல் அதே ஜார்ஜியாவின் விண்டர் ஊரில் ஒரு மருத்துவரின் மனைவி யூடோரா பிரவுன் ஆல்மண்ட் இந்தத் தேதியைப் பிடித்து, மருத்துவர்களுக்கு அட்டை அனுப்பவும் மறைந்தவர்களின் கல்லறையில் பூ வைக்கவும் ஏற்பாடு செய்தார். தேசியச் சட்டம் 1990-இல்தான் வந்தது. இங்கேயும் பூ கார்னேஷன்தான், சிவப்பு.

கேள்வி (ராலே): மே கடைசித் திங்கள், ராணுவத்தில் இருந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு "ஹாப்பி மெமோரியல் டே" சொல்லலாமா?

பதில்: வேண்டாம். அது பாராட்டு நாள் அல்ல, போரில் இறந்தவர்களுக்கான நாள். 1868 மே 30-இல் கல்லறைகளுக்குப் பூ வைப்பதில் தொடங்கியது. கொடி அன்று நண்பகல் வரை அரைக்கம்பத்தில் பறக்கும், பிறகுதான் முழுக்க ஏறும். உயிரோடு பணியில் இருப்பவர்களுக்கு மே மூன்றாம் சனி, ராணுவப் படைகள் தினம். பணி முடித்தவர்களுக்கு நவம்பர் 11. உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு அன்று சொல்லுங்கள்.

கேள்வி (சியாட்டில்): தாத்தா பாட்டி தினம்?

பதில்: செப்டம்பர். வசந்தம் இல்லை.

கேள்வி (டென்வர்): பள்ளிப் பேருந்து ஓட்டுநர்களுக்கு ஒரு தேசிய தினம் கொண்டுவர எங்கள் காங்கிரஸ் உறுப்பினரைக் கேட்கலாமா?

பதில்: அந்தக் கதவு மூடியிருக்கிறது. நினைவு நாள் மசோதாக்கள் குவிந்ததால் 1995-இல் கீழவை தன் விதியிலேயே அவற்றைத் தடுத்துவிட்டது. ஆளுநர் அலுவலகத்துக்குப் போங்கள். பிரகடனக் கோரிக்கைக்குப் படிவம் இருக்கும். கோருபவர் அந்த மாநிலவாசியாக இருக்க வேண்டும். சில வாரம் முன்னதாகவே அனுப்புங்கள். வரைவை நீங்களே எழுதிக் கொடுங்கள், காரணம் சொல்லும் நான்கைந்து "ஆதலால்" பத்திகள் போதும். அது அந்த ஆண்டுக்கு மட்டும்தான் செல்லும், அடுத்த ஆண்டு திரும்ப விண்ணப்பிக்க வேண்டும். பலருடைய முயற்சி இரண்டாம் ஆண்டில் நின்றுபோவது இங்கேதான்.

கேள்வி (பிட்ஸ்பர்க்): பழைய ஆல்பத்தில் ஊதா நிற 3 சென்ட் தபால்தலை, நாற்காலியில் ஒரு மூதாட்டி. அன்னையர் தினத்துக்கானதா?

பதில்: ஆமாம், 1934. விஸ்லர் 1871-இல் தன் தாயை வரைந்த ஓவியம் அது. ஆனால் இடது கீழ் மூலையைப் பாருங்கள். அங்கே இருக்கும் கார்னேஷன் ஜாடி விஸ்லர் வரைந்ததல்ல, தபால்துறை சேர்த்தது. அன்னா கொதித்துப்போனதும் இதனால்தான். "அன்னையர் தினம்" என்ற சொல் தபால்தலையில் எங்கேயும் இல்லை, "அமெரிக்கத் தாய்மாரின் நினைவாகவும் பெருமைக்காகவும்" என்றுதான் இருக்கும். இரண்டு அச்சு வகை உண்டு. ஓரத்துப் பற்களை, 2 செ.மீ.-க்கு எத்தனை என்று காட்டும் அளவுகோலில் வைத்துப் பாருங்கள்: நான்கு பக்கமும் 11 என்றால் தட்டை அச்சு, மேலும் கீழும் 11, பக்கவாட்டில் 10½ என்றால் சுழல் அச்சு. இரண்டுமே ஏராளமாக அச்சானவை, பெரிய விலை கிடைக்காது. ஆல்பத்திலேயே வைத்திருங்கள். ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், பின்பக்கத்துப் பசை போய்விடும்.