பெர்செர்க், அமோக், ஹேவயர்: ஆங்கில வெறிச் சொற்கள் பற்றிய கேள்வி பதில்

கே: கிரேஸி, மேட் இரண்டும் ஒன்றுதானே சார்?

ப: இல்லை. அமெரிக்கர் வாயில் மேட் என்றால் பெரும்பாலும் கோபம். 'ஷீ இஸ் மேட் அட் மீ' என்றால் அவளுக்கு என்மேல் கோபம், அவ்வளவுதான். பிரிட்டனில் அதே சொல் முதலில் புத்தி பேதலிப்பைத்தான் நினைவூட்டும். கிரேஸியின் வேர் விரிசல். பீங்கான் கோப்பையின் பளபளப்பில் மயிரிழை மாதிரி கோடுகள் ஓடுமே, அதற்கு இன்றும் கிரேஸிங் என்றுதான் பெயர். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: மனநோயோடு போராடுகிறவரை இந்த இரண்டு சொற்களாலும் குறிக்காதீர்கள்.

கே: மெஷின் தாறுமாறாக ஓடினால் 'கோ பெர்செர்க்' சொல்லலாமா?

ப: சொல்லலாம். ஆனால் 'கோ ஹேவயர்' இன்னும் கச்சிதம். ஹேவயர் என்பது வைக்கோல் கட்டும் கம்பி. அந்தக் கம்பியைச் சுற்றி ஒப்பேற்றிய சாமான்களை வைத்து வேலை பார்த்த அமெரிக்க மரவெட்டிகளிடமிருந்து வந்த வழக்கு. மெஷின், திட்டம், கணக்கு இவற்றுக்குச் சொல்லுங்கள்.

கே: ரன் அமோக்?

ப: மலாய் மொழியின் 'அமுக்'. கண்மண் தெரியாமல் எதிர்ப்பட்டவரையெல்லாம் தாக்குவது. இதனோடு 'ரன்' சேர்வதுதான் வழக்கம். பெர்செர்க்குக்கு 'கோ'. மாற்றிப் போட்டால் காதில் உறுத்தும்.

கே: கிரேஸிக்கும் மேடுக்கும் என்ன வித்தியாசம்?

ப: முதல் பதில்.

கே: பெர்செர்க் எங்கிருந்து வந்தது?

ப: எனக்கு மிகவும் பிடித்த சொல். ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியில் 'பெர்செர்க்ர்' என்பவர்கள் வெறி ஏறிச் சண்டை போட்ட வீரர்கள். 'செர்க்ர்' என்றால் சட்டை. 'பெர்' என்பது கரடி. ஆக, கரடித்தோல் சட்டைக்காரர்கள். 1831இல் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் கிடைத்த பழைய சதுரங்கக் காய்களின் படம் கிடைத்தால் பாருங்கள். வால்ரஸ் தந்தத்தில் செதுக்கியவை. யானைக்குரிய இடத்தில் நிற்கும் சில வீரர்கள் கண்ணை உருட்டிக்கொண்டு, தங்கள் கேடயத்தின் மேல்விளிம்பையே பல்லால் கடிக்கிறார்கள். அந்தச் சொல்லின் முழுச் சூடும் அந்தப் பல்லில் இருக்கிறது.

கே: தவறு சார். 'பெர்' என்றால் வெற்று. சட்டையில்லாமல் சண்டை போட்டவர்கள். ஐஸ்லாந்தின் பழைய எழுத்தாளர் ஸ்னோரி ஸ்டுர்லுசனே எழுதியிருக்கிறார்.

ப: அவர் எழுதியது, நார்ஸ் கடவுள் ஓடினின் ஆட்கள் கவசம் போடாமல் போனார்கள், நாய் ஓநாய் போல வெறிபிடித்துக் கேடயத்தைக் கடித்தார்கள் என்று. கவசம் இல்லை என்றால் சட்டையும் இல்லை என்று ஆகிவிடாது. கரடித்தோலைப் போர்த்தியவனும் இரும்புக் கவசம் இல்லாமல் போகலாமே.

கே: அப்போது ஸ்னோரி சொன்னது பொய்யா?

ப: பொய் என்று நான் எங்கே சொன்னேன்? அவர் 13ஆம் நூற்றாண்டுக்காரர். ஐஸ்லாந்து கிறிஸ்தவத்துக்கு மாறி இருநூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. கேள்விப்பட்டதை எழுதினார். அதே பழங்கதைகளில் 'உல்ஃப்ஹேத்னர்' என்று இன்னொரு கூட்டம் வருகிறது, ஓநாய்த்தோல் போர்த்தியவர்கள். பக்கத்திலேயே ஓநாய்த்தோல் நிற்கும்போது இவர்களுக்குக் கரடித்தோல்தான் பொருந்துகிறது. 'வெற்று' என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. நான் கரடிப் பக்கம்.

கே: வாதம் போதும். ஜுரத்தில் உளறுவதற்கு டெலிரியஸ் சரியா?

ப: மிகச் சரி. லத்தீனில் 'லீரா' என்றால் உழவுசால். மாடு இழுத்த இழுப்பில் ஏர் உழவுசாலை விட்டு விலகிப் போவதுதான் இந்தச் சொல்லுக்குள் இருக்கும் படம். 'டெலிரியஸ் வித் ஜாய்' என்றால் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

கே: லூனடிக்?

ப: லூனா, நிலா. நிலாவால் புத்தி மாறும் என்ற பழைய நம்பிக்கை. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டங்களிலிருந்து இந்தச் சொல்லை நீக்க 2012இல் தனிச் சட்டமே போட்டார்கள். நீங்களும் விட்டுவிடுங்கள்.

கே: நண்பன் சில நாட்களாகத் தனியாகப் பேசுகிறான், தூங்குவதில்லை. மேனிக்கா, டெல்யூஷனலா, எதைச் சொல்வது?

ப: எதையும் சொல்லாதீர்கள். சீக்கிரமே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், கூடவே இருங்கள்.

கே: கிரேஸி, மேட்...

ப: மேலே இருக்கிறது, தயவுசெய்து படியுங்கள்.

கே: கரடி என்றால் நார்ஸில் 'பியோர்ன்' ஆயிற்றே?

ப: நல்ல கேள்வி. ஆண் கரடிக்கு 'பியோர்ன்', பெண் கரடிக்கு 'பெரா'. கூட்டுச்சொல்லில் 'பெர்' வருவது இந்த 'பெரா'வின் உறவு.