கூட்டுக் காணியில் கணக்குக் கேட்பது குற்றமா?

கேள்வி: நானும் கணவரும் ஆசிரியர்கள். பண்டாரவளைக்குப் பக்கத்தில் எட்டுக் குடும்பங்கள் சேர்ந்து 2017இல் 80 பேர்ச் காணி வாங்கினோம். ஆளுக்கொரு சிறு வீடு, நடுவே பொதுச் சமையலறை, பிள்ளைகள் படிக்க ஒரு மண்டபம். உறுதியில் ஒவ்வொருவருக்கும் பிரிக்கப்படாத எட்டில் ஒரு பங்கு. 4,000 ரூபாவாக இருந்த மாதச் சந்தா இப்போது 18,000. போதாததற்கு, மண்சரிவுத் தடுப்புச் சுவருக்கும் மண்டபத்துக்கு மேல் கட்டப்போகும் விருந்தினர் அறைகளுக்கும் வீட்டுக்கு ஐந்து இலட்சம் கேட்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறவர்கள் கட்டிவிடுவார்கள். எங்களால் முடியாது. கூட்டத்தில் கணக்குக் கேட்டேன். "குடும்பமா இருக்கிற இடத்தில கணக்குக் கேட்காதீங்க டீச்சர்" என்றார்கள். வாட்சப் குழுவிலிருந்தும் நீக்கிவிட்டார்கள். வெளியே பேசினால் மானநஷ்ட வழக்காம், பணம் கட்டாவிட்டால் தண்ணீரை நிறுத்துவார்களாம். விலகுபவரின் பங்கை மற்றவர்கள் வாங்கிக்கொள்வோம் என்று ஆரம்பத்தில் ஒரு தாளில் எல்லோரும் கையெழுத்து வைத்தோம். அது செல்லுமா?

பதில்: சகோதரி, கணக்குக் கேட்டது உங்கள் உரிமை. அதற்காக நீங்கள் கூனிக்குறுகத் தேவையில்லை.

உங்கள் காணிக்குக் கூட்டாதன வரைபடம் (ஒவ்வொரு வீட்டையும் தனி உரிமையாகவும் பொது இடத்தைக் கூட்டாகவும் காட்டும் வரைபடம்) பதிவாகியிருந்தால் 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி ஆதனச் சட்டம் பொருந்தும். முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் ஒன்று இருக்கும், கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபையிடம் முறையிடலாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அப்படி எதுவும் இல்லை. எட்டுப் பேரும் வெறும் கூட்டு உரிமையாளர்கள். உங்கள் குழு கம்பனியும் அல்ல, கூட்டுறவுச் சங்கமும் அல்ல. நீங்கள் எல்லோரும் ஒப்புக்கொடுத்த அதிகாரம்தான் அதற்கு உண்டு.

அந்த ஐந்து இலட்சத்தை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். சுவர் வேறு, அறைகள் வேறு. பொதுச் சொத்தைக் காக்க அவசியமான செலவில் ஒவ்வொரு பங்காளியும் தன் பங்கைக் கொடுக்கத்தான் வேண்டும். நம் நாட்டில் நடைமுறையிலுள்ள ரோமன் டச்சுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. மீரியபெத்தையில் 2014 ஒக்டோபரில் நடந்த மண்சரிவைப் பார்த்த பிறகு, பதுளை மாவட்டத்துச் சரிவில் குடியிருக்கும் யாரும் தடுப்புச் சுவர் வேண்டாம் என்று சொல்லக்கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையையும் குறைந்தது இரண்டு ஒப்பந்தகாரரின் விலைமதிப்பையும் காட்டச் சொல்லுங்கள். நியாயமான தொகை என்றால் உங்கள் எட்டில் ஒரு பங்கைத் தவணையில் தருவதாக எழுதிக் கொடுங்கள். முழுவதையும் மறுத்தால் நீதிமன்றத்தில் உங்கள் பக்கம் பலவீனப்படும்.

விருந்தினர் அறைகள் அவசியச் செலவல்ல. பொதுக் காணியில் புதுக் கட்டடம் எழுப்ப மற்றப் பங்காளிகளின் சம்மதம் வேண்டும். நீங்கள் சம்மதிக்கவில்லை என்பதை இப்போதே எழுத்தில் தெரிவியுங்கள். அதையும் மீறிக் கட்டினால் மாவட்ட நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்கலாம். ஆனால் அத்திவாரம் வெட்டும்போது பேசாமல் இருந்துவிட்டு, கூரை போட்ட பிறகு போனால் பலன் குறைவு.

பிறர் பணத்தைச் சேர்த்துச் செலவழிப்பவர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். மறுத்தால் கணக்குக் கோரியே வழக்குப் போடலாம். எழுத்தில் இல்லாத உடன்பாட்டின் மீதான பணக் கோரிக்கைக்குக் காலவரையறை மூன்று ஆண்டுதான் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். பணம் களவாடப்பட்டது என்பதற்குச் சான்று இல்லாமல் கோபத்தில் பொலிசுக்குப் போகவும் வேண்டாம்.

மானநஷ்ட மிரட்டலுக்குப் பயப்படாதீர்கள். அவதூறு இலங்கையில் 2002இலிருந்து தண்டனைக் குற்றமல்ல. குடியியல் வழக்கு மட்டும்தான் போடலாம். தங்கள் சொந்தப் பணத்தைப் பற்றிப் பங்காளிகள் தமக்குள் நல்லெண்ணத்தோடு பேசுவதற்குச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. "ஜனவரியில் சேர்ந்த பணம் எதற்குச் செலவானது?" என்று கேளுங்கள். "களவெடுத்துவிட்டார்கள்" என்று முகநூலில் போடாதீர்கள்.

தண்ணீரை நிறுத்த அவர்களுக்கு எந்த அதிகாரமும் இல்லை. சந்தா பாக்கி என்றால் அவர்கள் வழக்குப் போட்டு வாங்கட்டும். குழாயில் கை வைத்தால் அன்றே படம் எடுத்து, பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிவு செய்யுங்கள். சமாதானக் குலைவு ஏற்படும் நிலை இருந்தால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்கீழ் விரைவாக நிவாரணம் தேடலாம்.

அப்புறம் அந்தத் தாள். காணி விற்கும் வாங்கும் உடன்பாடு நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்படாவிட்டால் சட்டத்தில் செல்லாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் அப்படி. எனவே அதைக் காட்டி யாரையும் வாங்கவைக்க முடியாது. உங்களையும் அது கட்டிப்போடாது. உங்கள் பங்கை வெளியாளுக்கும் விற்கலாம். வடக்கின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி, பங்காளியின் பங்கை வெளியாளுக்கு முன் வாங்க மற்றப் பங்காளிக்கு உள்ள உரிமை இங்கே இல்லை.

1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் பாகப்பிரிவினை வழக்கை ஒரே ஒரு பங்காளிகூடப் போடலாம். நீங்கள் கட்டிய வீட்டின் பெறுமதியும் கணக்கில் எடுக்கப்படும். இருந்தாலும் அதைக் கடைசியாக வையுங்கள். வழக்குக் காணிப் பதிவகத்தில் பதிவானால், முடியும்வரை யாருமே தம் பிரிக்கப்படாத பங்கை விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. அது ஆண்டுக்கணக்கில் இழுக்கும். தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்து லயத்தில் வாழ்ந்து, தம் பேரில் ஒரு பிடி மண்கூட இல்லாதிருந்த நம் சனங்களுக்கு உறுதியில் பேர் வந்ததே பெரிய காரியம். எட்டு வீட்டையும் வழக்கில் முடக்கிவிட எனக்கு மனமில்லை.

அதற்குமுன் எட்டுப் பேரும் ஒரு நொத்தாரிசிடம் போய்க் கூட்டு உரிமையாளர் உடன்படிக்கை ஒன்றை எழுதுங்கள். மூன்று மாதத்துக்கொருமுறை கணக்கு, புதுக் கட்டடத்துக்கு எல்லோருடைய சம்மதம், வருமானம் குறைந்த வீட்டுக்குத் தவணை, விலகுபவரின் பங்கை மதிப்பீட்டாளர் சொல்லும் விலைக்கு வாங்கும் ஏற்பாடு, இவையெல்லாம் அதில் வரட்டும். தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள். வேறு மொழியில் என்றால், வரிக்கு வரி விளக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

கணக்குக் கேட்டும், அறைகளுக்குச் சம்மதமில்லை என்று சொல்லியும் இந்த வாரமே பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். செயலாளருக்கு மட்டுமல்ல, ஏழு வீட்டுக்கும். விலைமதிப்பு சரியாக இருந்தால் முதல் தவணையை வங்கி வழியாகவே கட்டி, சீட்டில் "தடுப்புச் சுவருக்கு மட்டும்" என்று எழுதுங்கள். பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.