ஏசி ஓடும் படுக்கையறைக்குள் வெளிக்காற்று வர என்ன வழி?

கேள்வி: சென்னை வேளச்சேரியில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். 12-க்கு 10 அடி படுக்கையறை, 1 டன் ஸ்பிளிட் ஏசி, ஒட்டினாற்போல் குளியலறை. கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு இருவரும் தூங்குகிறோம். காலையில் தலைபாரம், அறையில் மக்கிய வாடை. ஏசியை சர்வீஸ் செய்தும் மாறவில்லை. காற்று சுத்திகரிப்பான் வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. சுத்திகரிப்பான் தூசியைப் பிடிக்கும். மூச்சில் வரும் கரியமில வாயு அதன் வடிகட்டியில் நிற்காது. ஸ்பிளிட் ஏசியும் அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்து, குளிரவைத்து, திரும்ப விடுகிறது. வெளிக்காற்று அதன் வழியாகத் துளியும் வருவதில்லை.

கூரை 10 அடி உயரம் என்றால் உங்கள் அறையில் 34 கன மீட்டர் காற்று இருக்கிறது. தூங்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 12 லிட்டர் கரியமில வாயு விடுகிறார். வெளியே அதன் அளவு பத்து லட்சத்தில் 420 பங்குதான். இருவர் படுத்தால், கசிவே இல்லாத அறையில் மணிக்கு 700 பங்கு ஏறும். கதவிடுக்கில் கொஞ்சம் கசிந்தாலும் விடியுமுன் 2,000-ஐத் தாண்டிவிடும். அந்த அளவு விஷமல்ல. ஆனால் அது ஏறியிருக்கிறது என்றால் வியர்வை வாடை, பிளைவுட் அலமாரியின் பசை விடும் ஃபார்மால்டிஹைடு என்ற எரிச்சலூட்டும் வாயு, கொசுவிரட்டியின் ஆவி எல்லாமே வெளியேற வழியில்லாமல் தேங்கியிருக்கின்றன என்று பொருள். 1,000 பக்கத்தில் வைத்திருக்க, இருவருக்கும் சேர்த்து மணிக்கு 40 கன மீட்டர் வெளிக்காற்று வேண்டும்.

ஜன்னலை மட்டும் லேசாகத் திறந்தால் போதாதா? நம்ப முடியாது. ஒரே பக்கத் திறப்பில் காற்று நுழைவது வெளியே அடிக்கும் காற்றைப் பொறுத்தது. அது ஓய்ந்த இரவில் பரிமாற்றம் மிகவும் குறைந்துவிடும். அதனால் குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் பயன்படுத்துங்கள். படுக்கையறைக் கதவைச் சாத்துங்கள். குளியலறைக் கதவை ஒரு விரற்கடை திறந்து வையுங்கள். அல்லது கதவின் அடியில் முக்கால் அங்குலம் அறுத்துவிடுங்கள். குளியலறைக்கு எதிர்ப்பக்க ஜன்னலை 2 செ.மீ. மட்டும் நகர்த்துங்கள், அந்த இடுக்கிலும் கொசுவலை இருக்கட்டும். இப்போது வெளிக்காற்று ஜன்னல் வழியே வந்து, கட்டிலைக் கடந்து, குளியலறை வழியே போகும். ஜன்னல் இடுக்கில் ஊதுபத்தியைக் காட்டிப் பாருங்கள்: புகை உள்ளே சாய வேண்டும். சாயாவிட்டால் ஃபேனின் மூடி திறக்கவில்லை, அல்லது அது ஊதும் டக்டை, அதாவது காற்றுப் போக்கியை, மேலே யாரோ அடைத்துவிட்டார்கள்.

6 அங்குல ஃபேன் முழு வேகத்தில் தேவையைவிடப் பல மடங்கு இழுக்கும், ஏசி திணறும். 4 அங்குல ஃபேன் மாற்றுவது நல்லது. மணிக்கு 40 கன மீட்டர் என்ற அளவில், சென்னையின் ஈரக்காற்றைக் குளிர்விக்க 1 டன் ஏசியின் திறனில் பத்தில் ஒரு பங்கு செலவாகும். அந்தச் செலவு தகும்.

ஜன்னல் பெரிய சாலையைப் பார்த்திருந்தால் வெளியே இழுப்பதைவிட, வடிகட்டி வழியாக உள்ளே ஊதுவது மேல். அங்கே பலர் சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேனைத் திருப்பிப் பொருத்தி ஏமாறுகிறார்கள். நுண்தூசி வடிகட்டியின் எதிர்ப்பை அதன் இறக்கைகள் தள்ளாது. அழுத்தத்தோடு ஊதும் புளோயர் வகை ஃபேன்தான் வேண்டும்.

ஏசி தேவைப்படாத மார்கழி, தை மாதங்களில் இயற்கைக் காற்றோட்டமே சிறந்தது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஈரவெப்பப் பகுதிகளுக்குத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறப்பு கேட்கிறது. உங்கள் அறைக்கு 20 சதுர அடி. 4-க்கு 4 அடி ஸ்லைடிங் ஜன்னலில் பாதிதான், அதாவது 8 சதுர அடிதான் திறக்கும். அதனால் எதிர்ச்சுவரிலோ பக்கச்சுவரிலோ இருக்கும் கதவையும் திறந்தால்தான் காற்று ஊடுருவும்.

அளந்து பார்க்க விரும்பினால் என்.டி.ஐ.ஆர். உணரி (அகச்சிவப்பு ஒளியால் கரியமில வாயுவையே நேராக அளப்பது) உள்ள கரியமில வாயு மீட்டர் வாங்குங்கள். மலிவான சில கருவிகள் வேறு வாயுக்களை வைத்து ஊகித்து எண் காட்டுகின்றன. பால்கனியில் வைத்தால் 420-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். இரவு முழுக்க 1,000-ஐ ஒட்டியே நின்றும் தலைபாரம் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால் இந்த வழி வேண்டவே வேண்டாம். ஃபேன் இழுக்கும் இழுப்பில் கீசரின் புகை வெளியேறாமல் உள்ளே திரும்பலாம். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாடையோ கிடையாது, உயிரைக் குடிக்கும். முதலில் அதை எடுத்துவிட்டு மின்சாரக் கீசர் வையுங்கள்.