படகின் அடிப் பெயிண்ட்: நட்சத்திரத்தை நம்பலாமா?

கேள்வி: எங்களுடையது 9 மீட்டர் ஃபைபர் படகு, உள் இன்ஜின். எப்போதும் துறைமுகத் தண்ணீரில்தான் நிற்கும். இணையத்தில் நாலரை நட்சத்திரம் வாங்கிய ஆன்டி-ஃபவுலிங் பெயிண்டை (அடியில் கடல் உயிரிகள் ஒட்டாமல் தடுக்கும் பெயிண்ட்) போன ஜூனில் அடித்தோம். நாலே மாதத்தில் அடி முழுக்கக் கொட்டலசு, அதாவது ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் கடல் உயிரி. டீசல் செலவும் ஏறிவிட்டது. வரும் மீன்பிடித் தடைக்காலத்தில் எதை வாங்குவது? விமர்சனங்களை நம்பலாமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: படகைக் கரையேற்றியதும் சுரண்டிவிடாதீர்கள். முதலில் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். கொட்டலசு உட்கார்ந்திருக்கும் இடமே பாதி பதிலைச் சொல்லிவிடும். பெயிண்டின் மேலேயே எங்கும் ஒரே சீராக ஒட்டியிருந்தால், பெயிண்டில் சரக்கு இல்லை அல்லது தீர்ந்துவிட்டது. பெயிண்ட் தகடாக உரிந்து, ஜெல்கோட் (ஃபைபரின் வழவழப்பான மேல்தோல்) தெரியும் இடத்தில் மட்டும் ஒட்டியிருந்தால், பழுது தேய்ப்பிலும் பிரைமரிலும். ரோலர் தடத்தில் கோடு கோடாக இருந்தால் தின்னர் கூடிப் பூச்சு மெலிந்திருக்கிறது. சதுரம் சதுரமாக இருந்தால், அது கரையில் படகைத் தாங்கிய முட்டுக்கட்டை நின்ற இடம். அங்கே பெயிண்ட் படவே இல்லை. வெறும் வழவழப்பான பாசி என்றால் பயப்பட வேண்டாம், ஈரச் சாக்கால் துடைத்தால் போய்விடும்.

ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்கள் பலரும் தேய்ப்பில் விட்ட பிழைக்குப் பெயிண்டைத் திட்டியிருப்பார்கள். ஐந்து நட்சத்திரமோ பெரும்பாலும் பார்சல் வந்த வாரத்தில் விழுந்தது. நிறத்தையும் டெலிவரியையும்தான் பேசும். இந்தப் பெயிண்டின் பரீட்சை ஆறாவது மாதத்தில் நடக்கிறது. ஏரியிலோ குளிர்ந்த கடலிலோ படகு விடுபவரின் அனுபவம் மன்னார் வளைகுடாவின் வெதுவெதுப்பான தண்ணீருக்குப் பொருந்தாது. எந்தக் கடல், எத்தனை மாதம், எத்தனை கோட், அடியில் முன்பு என்ன இருந்தது, கரையேற்றியபோது எடுத்த படம் – இவை இருந்தால் இரண்டு நட்சத்திர விமர்சனத்தைக்கூட முழுதாகப் படியுங்கள். மற்றதைத் தள்ளிவிடலாம்.

கடையில் டின்னைக் கையில் தூக்கிப் பாருங்கள். செம்புச் சத்தான குப்ரஸ் ஆக்சைடு நிறைய உள்ள பெயிண்ட் லிட்டருக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் கனக்கும். சாதாரண எனாமல் அவ்வளவு கனக்காது. எடையில் எத்தனை சதவீதம் என்று லேபிளில் பாருங்கள். அந்தச் செம்புதான் டின்னின் அடியில் களிமண் போலப் படியும். கலக்கும் கட்டை அடியில் தொட்டால் ஒட்டிக்கொண்டு வரும். கட்டை வழுக்கிக்கொண்டு ஓடும்வரை கலக்கவும். மேலாகக் கலக்கி ஊற்றினால் முதல் பாதிப் படகுக்குப் போவது வெறும் நிறம்தான். 'பழைய டின் (வெள்ளீயம்) கலந்த சரக்கு, ரொம்ப வீரியம்' என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். டிபிடி என்ற அந்த வெள்ளீயச் சேர்மம் கலந்த பெயிண்டைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தம் 2008 முதல் நடப்பில் இருக்கிறது.

அன்றாடம் ஓடும் படகுக்குத் தானே கரைந்து புது முகம் காட்டும் வகை நல்லது. பழைய பூச்சை ஈரத் துணியால் தேய்த்துப் பாருங்கள். நிறம் துணியில் வந்தால் அது கரையும் வகை, அதன் மேல் கரையாத கடின வகை நிற்காது. 80 நம்பர் தாளால் தண்ணீர் விட்டே தேய்க்கவும். உலர்ந்த தூள் நுரையீரலுக்கு நஞ்சு. ஜெல்கோட் தெரியும் இடத்தில் எபாக்சி பிரைமர் அடித்து, கட்டைவிரல் அழுத்தினால் தடம் பதிந்து விரலில் ஒட்டாத பதத்தில் பெயிண்ட் போடுங்கள்.

அளவு: நீளத்தை, அகலமும் அமிழும் ஆழமும் கூட்டிய தொகையால் பெருக்குங்கள். அகலம் 2.4, ஆழம் 0.6 மீட்டர் என்றால் 9 × 3 = 27 சதுர மீட்டர். லிட்டருக்கு 9 சதுர மீட்டர் வீதம் இரண்டு கோட்டுக்கு 6 லிட்டர். நீர்மட்டக் கோடு, சுக்கான், முன்விளிம்பு இவற்றுக்கு மூன்றாவது கோட் தேவை, ஆக 7 லிட்டர். தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்கியதும் அடித்துவிட்டு ஜூன் 14 வரை வெயிலில் விடாதீர்கள். தேய்ப்பை முன்பே முடித்து, கடைசி வாரத்தில் பெயிண்ட் அடியுங்கள்.

சந்தேகம் தீர ஒரு வழி: ஓரடிச் சதுர ஃபைபர் துண்டு மூன்று. இரண்டில் இரு பெயிண்ட், ஒன்று வெறுமையாக. உங்கள் படகு நிற்கும் இடத்திலேயே அரை மீட்டர் ஆழத்தில் மூன்று மாதம் தொங்கவிடுங்கள்.

கேள்வி: தினமும் மணலில் இழுத்து ஏற்றும் படகுக்கும் இந்தப் பெயிண்ட் தேவையா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: தேவையில்லை. மணலே அதை உரித்துவிடும். அவுட்போர்டு இன்ஜினின் அலுமினியக் காலில் செம்புப் பெயிண்டை ஒருபோதும் அடிக்காதீர்கள். உப்புத் தண்ணீரில் செம்பு அலுமினியத்தை அரித்துக் குழி விழ வைக்கும்.