போகிமான் வில்லைகள்: கேட்டவையும் சொன்னவையும்

டோக்கியோவில் நிஷி-கசாய் பக்கம் ஒன்பது வருடமாக இருக்கிறேன். வாரநாளில் மென்பொருள் வேலை, சனிக்கிழமையானால் பழைய பொம்மைக் கடைகளில் போகிமான் வில்லை (ஆர்கேட் விளையாட்டு மெஷின் தரும் பிளாஸ்டிக் துண்டு) பொறுக்கும் வேலை. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணா, ஜப்பானிலிருந்து வந்த மாமா பையனுக்கு வட்டமான பிளாஸ்டிக் காசு ஒரு பை நிறையக் கொடுத்தார். எல்லாவற்றிலும் போகிமான் படம். மெஷினில் போட்டு விளையாடும் டோக்கனா இது? (செல்வி, ஈரோடு)

இல்லைங்க. மெஷினுக்குள் போடுவது 100 யென் நாணயம்தான். இந்த வில்லை மெஷின் நமக்குத் தருவது. அடுத்த முறை விளையாடும்போது இதையே ஆட்டத்தில் இறக்கலாம்.

வட்டமாகவும் கையில் பிடித்தால் திண்டாகவும் இருந்தால் அது பெரும்பாலும் 2007-இல் வந்த 'பேட்ரியோ'. பேட்டிலும் ட்ரியோவும் சேர்ந்த பெயர். மூன்று வில்லைகளைப் பலகைமேல் வைத்து, நகர்த்தி, திருப்பிச் சண்டை போட வேண்டியிருந்தது. திருப்பிப் பாருங்கள், நிறைய விளையாடிய வில்லையாக இருந்தால் அடிப்பக்கம் முழுக்கக் கீறலாக இருக்கும்.

அதன்பின் 2012-இல் 'டிரெட்டா', 2016-இல் 'கா-ஓலே', 2020-இல் 'மெசாஸ்டார்', 2024-இல் 'ஃப்ரெண்டா' என்று நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை மெஷினும் மாறியது, வில்லையின் வடிவமும் மாறியது. கடையில் கேட்கும்போது பேட்ரியோவுக்கு 'பாக்', கா-ஓலேக்கு 'டிஸ்க்', மெசாஸ்டாருக்கு 'டேக்', ஃப்ரெண்டாவுக்கு 'பிக்' என்று கேளுங்கள். கிட்டார் வாசிக்கிறவர்கள் வைத்திருக்கும் அந்தப் பிக் சாடைதான் அதற்கு. பொதுவாக 'போகிமான் டோக்கன்' என்றால் கடைக்காரர் விழிப்பார்.

ஒரு டிஸ்க்குக்கு எவ்வளவு செலவாகும்? (பெயர் வேண்டாம்)

ஜப்பானில் கா-ஓலே ஓடிய காலத்தில் ஒரு முறை ஆட 100 யென். ஆட்டத்தில் பிடிபட்ட போகிமானை டிஸ்க்காக வெளியே எடுக்க இன்னொரு 100. பிடித்துவிட்டு, இரண்டாவது காசு போடாமல் நடையைக் கட்ட முடிந்தது. ஆனால் பக்கத்தில் பிள்ளை நின்றுகொண்டிருந்தால் அது நடக்காது!

மெடல் கேமில் ஜெயித்த உலோகக் காசுகளை ஞாபகத்துக்காக எடுத்து வந்துவிட்டேன். சேகரிப்பில் சேருமா? (பிரபு, சென்னை)

தம்பி, அது வேறு கதை. மெடல் கேம் என்பது கடை தரும் உலோகக் காசை வைத்து ஆடும் ஆட்டம், அந்தக் காசு கடையின் சொத்து. ஆடுவதற்கு மட்டும்தான் தருகிறார்கள். அதைப் பணமாகவோ பரிசாகவோ மாற்ற ஜப்பானியச் சட்டம் விடாது. வெளியே கொண்டுபோகக் கூடாது என்று கடைக்குள்ளேயே எழுதி வைத்திருப்பார்கள். அடுத்த முறை போகும்போது கவுன்ட்டரில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான் பேசும் வில்லைகள் காசு கொடுத்து வாங்கியவை, அதனால் அவை நம்முடையவை.

நாற்பது டிரெட்டா கிடைத்தது. இப்போதும் விளையாட வழி உண்டா? (அருண், கோலாலம்பூர்)

கடையில் முடியாது. 2016-இல் கா-ஓலே வந்ததும் டிரெட்டா மெஷின்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. ஒரு சந்து மட்டும் இருக்கிறது. 2013-இல் நின்டெண்டோ 3டிஎஸ் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்கு 'டிரெட்டா லேப்' என்ற விளையாட்டு வந்தது. அதற்கென்று தனி ஸ்கேனர் உண்டு. டிரெட்டாவை அந்த ஸ்கேனரில் வைத்தால் அதிலுள்ள போகிமான் திரையில் வரும். ஸ்கேனர் இல்லாமல் விளையாட்டை மட்டும் வாங்கிவிடாதீர்கள். நான் அப்படித்தான் ஏமாந்தேன், விளம்பரப் படத்தைச் சரியாகப் பார்க்காத என் குற்றம்.

இணையத்தில் ஐந்து நட்சத்திர கா-ஓலே டிஸ்க் மலிவாகக் கிடைக்கிறது. நம்பலாமா? (ரேவதி, சிங்கப்பூர்)

அக்கா, ஐந்து நட்சத்திரம் என்பது கா-ஓலேயில் மேல் தரம். அது குவியலாக, எல்லாம் புத்தம் புதிதாக, மலிவாகக் கிடைக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். உங்கள் ஊர் மால்களிலும் மெஷின் வந்ததால் போலி டிஸ்க் அந்தப் பக்கம் தாராளமாகப் புழங்குகிறது.

என்னிடம் ஒரு போலி இருக்கிறது, பாடத்துக்காக வைத்திருக்கிறேன். அசலோடு சேர்த்து விளக்கடியில் சாய்த்தால், அசலின் மினுமினுப்பு படத்தின் கோட்டோடு ஒத்துப்போகும். போலியில் மேலே பளபளத் தாள் ஒட்டியதுபோல் எல்லா இடமும் ஒரே மாதிரி மின்னும். பதிப்புரிமை வரியின் பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். அசலில் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கும், போலியில் மை கசிந்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். விளிம்பை நகத்தால் தடவினால் பிசிறு தட்டுப்படும்.

டோக்கியோவுக்கு நாலு நாள் வருகிறேன். எங்கே தேடுவது? (கார்த்திக், கோவை)

நாகானோ பிராட்வே என்ற வணிக வளாகத்தில் உள்ள மண்டராகே என்ற பழைய சேகரிப்புப் பொருள் கடைக்கு முதலில் போங்கள். விலை தெரிந்து விற்கிறவர்கள், அதிர்ஷ்டம் அடிக்காது. ஆனால் நல்ல சரக்கைக் கண்ணால் பார்த்துப் பழகலாம். பிறகு புறநகரில் ஹார்ட் ஆஃப், ஹாபி ஆஃப் மாதிரிப் பழைய பொருள் கடைகளின் 'ஜங்க்' (கழித்துப் போட்ட சரக்கு) தொட்டிகளைத் துழாவுங்கள். பையில் கட்டிப் போட்டிருப்பதைப் பிரித்துப் பார்க்க விடமாட்டார்கள். வெளியிலிருந்து தெரியும் நாலைந்தை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அஞ்சலில் வரவழைக்கிறவர்களுக்கு ஒன்று: பரிசு என்று எழுதினால் இந்தியாவில் வரி கிடையாது என்ற காலம் 2019 டிசம்பரோடு முடிந்தது.

எப்படிப் பாதுகாப்பது? அழுக்கை எதால் துடைப்பது? (மீனா, மதுரை)

ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள், வெயிலில் அது உருகிப் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். மென்மையான பிவிசி உறையும் வேண்டாம், நாளாக ஆகப் பிசுபிசுக்கும். பாலிபுரொப்பிலீன் உறை, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம், வெயில் படாத அலமாரி போதும். துடைக்க ஈரத்துணி, பிறகு உலர்ந்த துணி.

மார்க்கர் கறையைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். ஜங்க் பையில் எனக்கு வந்த ஒரு பிகாச்சு டிரெட்டாவின் பின்புறம் யாரோ ஒரு பிள்ளை மார்க்கரில் பெயர் எழுதியிருந்தது. தேய்ந்து தேய்ந்து 'யு' என்ற ஒற்றை ஹிரகானா (ஜப்பானிய) எழுத்துதான் மிச்சம். விலை பார்ப்பவர்களுக்கு இது பழுது. என் ஆல்பத்தில் அதுதான் முதல் பக்கம், நான் துடைக்கவில்லை. உங்களுக்கு அழித்தே ஆக வேண்டும் என்றால் வெள்ளை அழிரப்பரால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். தின்னர் மட்டும் வேண்டவே வேண்டாம், எழுத்தோடு படமும் கழன்று வந்துவிடும்.