ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் இருப்பது மேற்குக் கரையில், கலிபோர்னியாவில். பிறகு ஏன் கிழக்குக் கரையின் 'அட்லாண்டிக் கோஸ்ட்' லீகில் (ஏசிசி) ஆடுகிறது?

டிவி பணம்தான் காரணம்.

ஸ்டான்ஃபோர்டு முன்பு ஆடிய பேக்-12, மேற்கு மாநிலங்களின் லீக். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் பெரிய வருமானம் அவர்களுடைய ஃபுட்பாலில் வருகிறது. ஒளிபரப்பு உரிமையை லீக் மொத்தமாக விற்கும், உறுப்பினர்கள் பங்கு பிரித்துக்கொள்வார்கள். பெரிய நகரம் கையில் இருந்தால்தான் நல்ல விலை.

2022 ஜூனில் பேக்-12இல் இருந்த லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகங்கள் யூஎஸ்சி, யூசிஎல்ஏ இரண்டுமே பிக் டென் என்ற போட்டி லீகுக்குப் போவதாக அறிவித்தன. ஆகஸ்டில் பிக் டென் ஏழு ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கும் மேல் ஒளிபரப்பு ஒப்பந்தம் போட்டது. பேக்-12க்குக் கடைசியில் மேசையில் இருந்தது ஆப்பிளின் ஸ்ட்ரீமிங் சலுகை. சந்தாதாரர் கூடினால் பணம் கூடும் என்ற கணக்கு. யார் காத்திருப்பார்கள்? 2023 ஜூலையில் கொலராடோ கிளம்பியது. ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் ஐந்து பல்கலைக்கழகங்கள் வெளியேறின. அப்புறம்தான் ஸ்டான்ஃபோர்டும் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகமும் குறைந்த பங்குக்கு ஒப்புக்கொண்டு ஏசிசியில் சேர்ந்தன.

இதில் சுவாரசியமான அரசியல் யூசிஎல்ஏவுடையது. அதுவும் பெர்க்லியும் ஒரே அரசுப் பல்கலைக்கழக அமைப்பின் கீழ் இருப்பவை. தம்பி போனதால் அண்ணனுக்கு நஷ்டம் என்று ஆட்சிக்குழு முடிவுசெய்து, பெர்க்லிக்கு ஆண்டுக்கு 1 கோடி டாலர் தரச் சொன்னது. ஜீவனாம்சம் என்றே பத்திரிகைகள் கேலி செய்தன.

பேக்-12இல் எஞ்சிய ஓரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் வழக்குப் போட்டு லீகின் நிர்வாகத்தைக் கைப்பற்றின.

ஃபுட்பாலுக்கு வாரம் ஓர் ஆட்டம், சமாளிக்கலாம். கண்டம் தாண்டிப் பறந்துவிட்டு வகுப்புக்கும் ஓட வேண்டிய வாலிபால், சாஃப்ட்பால் மாணவிகள் பாடுதான் திண்டாட்டம்.